தோற்றவன் மறுபடி வருவானா? போர் விளையாட்டு விதிகளின் வரலாறு



பாடத்திட்டம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்பு என்று எழுதி வரும் நான் இம்முறை பொம்மைப் போர்வீரர்களைப் பற்றி எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். வகுப்பறையில் பல ஆண்டுகளாக எனக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வி, இந்தப் பொம்மைகளுக்கு விதி எழுத அமர்ந்தபோதுதான் தெளிவாக எனக்கு விளங்கியது.

ஆண்டு இறுதி விடுமுறையில் என் அக்காள் மகன் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். படிவம் இரண்டில் பயில்கிறான். தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தையெல்லாம் சேர்த்து, விரலளவே உள்ள நெகிழி வீரர்களை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, ஒரு காலணிப் பெட்டியில் அடுக்கிக் கொண்டு வந்திருந்தான். எல்லாரும் எதிர்கால விண்வெளி வீரர்கள். கவசமும் துப்பாக்கியும் தலைக்கவசமுமாக நின்றார்கள். நான்காம் ஆண்டில் பயிலும் என் மகன் அவற்றைக் கண்டதும் தொலைக்காட்சியை மறந்து போனான்.

சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை மலைகளாக அடுக்கி இருவரும் ஒரு போர் ஆடினார்கள். பகடை உருட்டுவது, அளவுகோலால் தூரம் அளப்பது, வீழ்ந்த வீரனை எடுத்து ஓரமாக வைப்பது என்று இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு போரோடு முடிந்தால் சுவை இல்லை என்று அக்காள் மகனுக்குத் தோன்றியது. மணிலா அட்டையில் ஒன்பது கோள்களை வரைந்தான். ஒவ்வொரு கோளுக்கும் ஒரு போர். இருவருக்கும் தொடக்கத்தில் ஆயிரம் புள்ளி மதிப்புள்ள படை. வென்றவனுக்குக் கோளும் சேரும், படைக்கு 100 புள்ளியும் சேரும். தோற்றவனுக்கு 100 புள்ளி குறையும். இப்படிப் பல போர்களைக் கோத்து ஆடுவதை ஆங்கிலத்தில் கேம்பேன் என்கிறார்கள். நான் இக்கட்டுரையில் தொடர்போர் என்றே குறிப்பிடுகிறேன்.

முதல் போரில் என் மகன் தோற்றான். இரண்டாவதிலும் தோற்றான். மூன்றாம் போருக்கு மேசையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தபோது, "வயிறு வலிக்குதுப்பா" என்று அறைக்குள் போய்ப் படுத்துக் கொண்டான். வயிற்றுவலி இல்லை என்பது எனக்கும் தெரியும், அவன் அம்மாவுக்கும் தெரியும்.

அக்காள் மகன் என்னிடம் வந்தான். "மாமா, அவன் வராட்டி கேம் ஓடாது. நீங்க டீச்சர்தானே, ரூல்ஸ் எழுதிக் கொடுங்க."

அன்றிரவு நான் செய்த முதல் காரியம் வரலாற்றைத் தேடியதுதான். ஏற்கெனவே யாரோ பட்ட துன்பத்தை நாம் மீண்டும் படுவானேன்?

போர் விளையாட்டின் வேர் நமக்கு அந்நியமானதன்று. சதுரங்கம் என்ற சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பது. இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்ற அந்த ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, செருமானிய நாட்டின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்பவர் 1780-இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். கட்டங்களுக்கு வண்ணம் பூசி மலை, ஆறு, சதுப்புநிலம் என்று வேறுபடுத்தினார். அவரும் ஆசிரியர்தாம். இளைஞர்களுக்குப் போர்க்கலையின் அடிப்படைகளைக் கற்பிப்பதே அவர் நோக்கம்.

அடுத்து பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் வருகிறார்கள். தந்தை 1812-இல் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியமுக்கு ஒரு பெரிய மரமேசையைச் செய்து கொடுத்தார். நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி விரும்பிய போர்க்களத்தை அமைக்கலாம். படை அதிகாரியான மகன் அதைச் செம்மைப்படுத்தி 1824-இல் விதிநூலாக வெளியிட்டார். 1:8000 அளவிலான வரைபடம், இழப்பைக் கணக்கிடப் பகடை, இருதரப்புக்கும் நடுவே எல்லாம் அறிந்த நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவர் சொன்னால்தான் ஆடுபவருக்குத் தெரியும். தலைமைத் தளபதி முஃப்லிங் முதலில் ஆர்வமின்றிப் பார்த்திருக்கிறார். ஆட்டம் வளர வளர வியந்து போய், இது விளையாட்டன்று, போர்ப்பயிற்சி என்று சொல்லிப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

அந்த விதிகளில் என் மகனின் வயிற்றுவலிக்கு மருந்து இல்லை. ஏன் என்றால் அங்கே அந்த நோயே இல்லை. பிரஷ்ய அதிகாரி ஆட்டத்தில் தோற்றாலும் மறுநாள் வந்தே தீர வேண்டும், கட்டளை அப்படி. விடுமுறையில் ஆடும் சிறுவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விளையாட்டு விதியை எழுதுபவருக்கும் போர்ப்பயிற்சி விதியை எழுதுபவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான் என்று நான் கருதுகிறேன்.

கட்டாயமின்றி, விருப்பத்திற்காக மட்டுமே ஆடப்பட்ட தொடர்போர்களில் நமக்கு விரிவாகத் தெரிந்த பழைய ஒன்று, வியப்பாக, ஒரு கதாசிரியருடையது. 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் நுரையீரல் நோய்க்காகச் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் மலையூரில் தங்கியிருந்தார். 1881-82 குளிர்காலம். உடன் இருந்தவன் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகன் லாயிட் ஆஸ்போர்ன். அவனுக்கு அப்போது 13 வயது, ஏறத்தாழ என் அக்காள் மகன் வயது. வீட்டின் மேல்மாடத்தில் மரத்தரை முழுவதும் வண்ணச் சுண்ணக்கட்டியால் ஒரு நாட்டை வரைந்தார்கள். மலைகள், ஆறுகள், பாலங்கள், ஊர்கள், நல்ல சாலைகள், மோசமான சாலைகள். ஈயப் பொம்மை வீரர்களை அதன்மேல் நகர்த்தி, பொம்மைத் துப்பாக்கியால் சுட்டு, வாரக்கணக்கில் ஒரே போரை ஆடினார்கள். வெடிமருந்தை வண்டியில் ஏற்றிப் பின்னால் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். வண்டி வராவிட்டால் படை இருந்தும் பயனில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஸ்டீவன்சன் அந்தப் பொம்மைப் போருக்குச் செய்தித்தாள் எழுதினார்! நிருபர் களத்திலிருந்து அனுப்பியது போன்ற செய்திகள். தளபதிகளின் முட்டாள்தனத்தைக் கண்டிக்கும் கருத்துகள். இவையெல்லாம் பின்னர் லாயிட் எழுதிய முன்னுரையுடன் 1898-இல் ஓர் அமெரிக்க இதழில் வெளிவந்தன. உலகப் புகழ்பெறப் போகும் எழுத்தாளர் ஒருவர், நோய்ப்படுக்கைக்கும் எழுத்துமேசைக்கும் இடையில், ஒரே ஒரு சிறுவன் படிப்பதற்காகச் செய்தித்தாள் எழுதியிருக்கிறார். இதைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. பணித்தாள்களைத் திருத்துவதாகச் சொல்லி என் மகனை எத்தனை மாலைகளில் அறையை விட்டு அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

அதே 1898-ஆம் ஆண்டில்தான் எச். ஜி. வெல்சின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதை நூலாக வந்தது. அறிவியல் புனைகதையின் தந்தையருள் ஒருவராகிய இவரே சிற்றுருவப் பொம்மைப் போருக்கும் விதிநூல் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1911-இல் தரையில் ஆடும் ஆட்டங்களைப் பற்றி ஒரு நூல், 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூல். 12 வயது முதல் 150 வயது வரை உள்ளவர்களுக்கு உரியது என்று தலைப்பிலேயே குறும்பாக அறிவித்தார். சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட வேண்டும். விழுந்த பொம்மை இறந்த வீரன். ஒவ்வொரு நகர்வுக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. உண்மைப் போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேலானது என்று சொல்லி அவர் அந்நூலை முடித்த மறு ஆண்டே முதல் உலகப்போர் வெடித்தது.

வெல்சின் ஆட்டம் பெரும்பாலும் ஒரு பிற்பகலில் தொடங்கி அன்றே முடிந்துவிடும். அடுத்த வாரம் இருவரும் புதிய படையுடன் சமமாகத் தொடங்கலாம். எனவே அவரும் என் கேள்வியைத் தொடவில்லை. (அவருடைய செவ்வாய்க்காரர்களை எதிர்த்து யாரும் தொடர்போர் ஆட முடியாது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். கதையிலேயே அவர்களை வீழ்த்தக் கிருமிதான் வரவேண்டியிருந்தது. விதியெழுதுபவர் பார்வையில் அது மிகச் சிக்கலான எதிரி!)

போர்களைக் கோக்கும் கலை 1950-களுக்குப் பின்னர் பிரிட்டனில்தான் வேர்பிடித்தது. டோனி பாத் என்பவர் ஹைபோரியா என்னும் கற்பனைக் கண்டத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரு தொடர்போரை நடத்தினார். அந்தக் கண்டம் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட்டின் கோனன் கதைகளில் வருவது. நண்பர்கள் ஆளுக்கொரு நாட்டின் அரசர், கட்டளைகள் அஞ்சலில் வரும், பாத் நடுவர். வரி, வானிலை, வணிகம், ஒற்றர், அரச குடும்பத்துத் திருமணம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. ஒரு தளபதி பேராசைக்காரனா, நாட்டுப்பற்றுள்ளவனா என்பதைச் சீட்டுக்கட்டிலிருந்து சீட்டுகளை எடுத்து முடிவு செய்தார். 1973-இல் இந்த அனுபவத்தையெல்லாம் திரட்டித் தொடர்போர் அமைப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதினார்.

அவருடைய நண்பர் டொனால்ட் பெதர்ஸ்டோன் 1962-இல் எழுதிய போர் விளையாட்டு நூல் பலரை இத்துறைக்கு இழுத்தது. 1970-இல் தொடர்போருக்கென்றே தனி நூல் எழுதினார். அவர் பரப்பிய உத்தி ஒன்று ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்திற்கு ஒன்றாகத் தீப்பெட்டிகளைச் சேர்த்து ஒட்டிவிட வேண்டும், குட்டி அலமாரி போல. தன் படை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தத் தீப்பெட்டி இழுப்பறையில் அடையாளச் சில்லு போட வேண்டும். இழுப்பறையைத் திறக்கும்போது எதிரியின் சில்லும் உள்ளே கிடந்தால் அங்கே போர். நடுவரே இல்லாமல் மறைவான நகர்வைச் செய்யும் வழி! சில வெள்ளிச் செலவில் நம் வகுப்பில் நிலவியல் ஆட்டம் ஒன்றை இப்படிச் செய்யலாம்.

அமெரிக்காவில் டேவ் ஆர்னெசன் நடத்திய தொடர்போர் ஒன்றிலிருந்து வளர்ந்ததுதான் 1974-இல் அவரும் கேரி கைகாக்சும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இன்று அதைப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்கிறோம். ஆனால் முதற்பதிப்பின் அட்டையில் அது சிற்றுருவப் பொம்மைகளுடன் ஆடும் தொடர்போர் விதிகள் என்றே அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் வழியாக ஒரு புதிய எண்ணம் பரவியது. கோள் அல்லது நாட்டின் கணக்கை எழுதுவதற்குப் பதில், ஒரு தனி வீரனின் வாழ்க்கைக் கணக்கை எழுதுவது. அவன் பட்டறிவு பெறுகிறான், திறன் கூடுகிறது. இந்த மாற்றம் பின்னால் வந்த விண்வெளி ஆட்டங்களுக்கு மிகவும் முக்கியமானது.

1984-இல் வந்த 'பேட்டில்டெக்' ஆட்டத்தில் மனிதர் ஏறி ஓட்டும் மாபெரும் எந்திரங்கள் மோதும். போருக்குப் பின் அவற்றைப் பழுதுபார்க்க வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும். களத்தைக் கைப்பற்றியவன் எதிரியின் உடைந்த எந்திரங்களையும் எடுத்துக் கொள்வான். கதைக்கு இது பொருத்தமானதுதான். ஆனால் என் அக்காள் மகன் செய்த அதே பிழை இங்கும் ஒளிந்திருக்கிறது. வென்றவன் பருத்துக்கொண்டே போகிறான்.

எவ்வளவு பருக்கிறான் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் நான் அதிர்ந்தேன். இரண்டு போர் முடிந்த நிலையில் அக்காள் மகனிடம் 1200 புள்ளி, என் மகனிடம் 800. ஒன்றரை மடங்குதானே, பகடை கைகொடுத்தால் சமாளிக்கலாம் என்று மேலோட்டமாகத் தோன்றும். பிரெடெரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் முதல் உலகப்போர்க் காலத்தில் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். எல்லாரும் எல்லாரையும் குறிபார்த்துச் சுடக்கூடிய போரில், படையின் வலிமை எண்ணிக்கையைப் போல் வளர்வதில்லை. எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல் வளர்கிறது. பெரிய படை அதிகமாகச் சுடுகிறது. அதே நேரத்தில் எதிரியின் குண்டுகள் அதில் அதிகமான பேருக்கிடையே பங்கிடப்படுகின்றன. ஆதாயம் இரண்டு பக்கமும் பெருகுகிறது. 1200-இன் வர்க்கத்தை 800-இன் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டேகால் வரும்.

நான்காம் ஆண்டு மாணவனுக்கு வர்க்கம் தெரியாது. ஆனால் அவனுக்கு அந்த இரண்டேகால் தெரிந்திருக்கிறது. வயிற்றுவலி அதன் விடைதான்.

இந்த இடத்தில் என் வகுப்பறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல ஆண்டுகளாக என் வகுப்பின் பின்சுவரில் குழுப்புள்ளி அட்டவணை ஒன்று தொங்கும். ஐந்து குழு, நட்சத்திர ஒட்டிகள், பருவ இறுதியில் பரிசு. முந்திய குழுவுக்குச் சலுகையும் உண்டு: புத்தக மூலையை முதலில் பயன்படுத்தலாம், கேள்விக்கு முதலில் விடை சொல்லலாம். அதனால் அவர்களுக்கு இன்னும் நட்சத்திரம். நான்காவது ஐந்தாவது வாரத்தில் கடைசிக் குழு கையைத் தூக்குவதை நிறுத்திவிடும். "முயற்சி போதவில்லை" என்று நானே அவர்களுடைய பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். விதியை எழுதியவன் நான், குறையை எழுதியது அவர்கள்மேல்.

மீண்டும் பொம்மைகளுக்கு வருவோம். 1987-இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதிய 'வார்ஹேமர் 40,000' இன்று உலகெங்கும் அறியப்பட்ட விண்வெளிப் பொம்மைப் போர். முதற்பதிப்பு, ரைஸ்விட்ஸ் காலத்தைப் போல, ஒரு நடுவர் இருந்து நடத்துவதையே எதிர்பார்த்தது. அதே கற்பனை உலகில் 1995-இல் வந்த 'நெக்ரோமுண்டா'வில்தான் என் கேள்விக்கு நேரான விடைகளைக் கண்டேன். மாபெரும் தொழில்நகரம் ஒன்றின் அடித்தட்டில் சிறுசிறு கும்பல்கள் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொரு கும்பலும் 1000 பணமதிப்பில் தொடங்கும். போர் முடிந்த பிறகே உண்மையான ஆட்டம் தொடங்குகிறது என்று சொல்லலாம்.

வீழ்ந்தவன் உடனே இறந்ததாகக் கொள்வதில்லை. இரண்டு பகடை உருட்டி ஒரு பட்டியலைப் பார்க்க வேண்டும். இறந்திருக்கலாம், ஒரு கண் போயிருக்கலாம், பழைய காயம் அவ்வப்போது வலிக்கலாம், முழுமையாகக் குணமாகியும் இருக்கலாம். நிலப்பகுதிகளிலிருந்து வருமானம் வரும். ஆனால் கும்பலில் ஆள் கூடக்கூட அந்த வருமானத்தில் கைக்கு வருவது குறையும். அத்தனை வாய்களுக்கும் சோறு போட வேண்டுமே! தன்னைவிட வலிமையான கும்பலோடு மோதியவர்களுக்குத் தோற்றாலும் கூடுதல் பட்டறிவு கிடைக்கும். வென்றுவிட்டால் கூடுதல் பணமும் உண்டு. பெரியவனுக்குச் செலவு, சிறியவனுக்குக் கற்றல். இரண்டும் கதைக்குள்ளேயே இயல்பாகப் பொருந்துகின்றன. இரக்கத்தால் கொடுத்த மதிப்பெண் போல் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

வார்ஹேமரின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த 'குருசேட்' விதிகள் இன்னும் ஒரு படி சென்று வரைபடத்தையே கைவிட்டன. கோளைப் பிடிப்பது இல்லை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி அட்டை. அதில் அதன் வெற்றிகளும் வடுக்களும் பதியப்படும். வென்றாலும் தோற்றாலும் போருக்குப் பின் இருவருக்கும் ஏதோ கிடைக்கும். எனக்கு அது சற்றுத் தாராளமாகப் படுகிறது. எல்லாருக்கும் எப்போதும் கிடைப்பதைப் பிள்ளைகள் விரைவில் பொருட்படுத்த மாட்டார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் எழுதிய முதல் விதி படுதோல்வி அடைந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தோற்றவனுக்கு 150 புள்ளி உதவிப்படை என்று எழுதினேன். வென்றவனுக்கு 100 மட்டும். என் மகன் திரும்பி வந்தான், மகிழ்ச்சி. அடுத்த போரில் அக்காள் மகன் தன் வீரர்களை ஒவ்வொருவராக வெட்டவெளியில் கொண்டு வந்து நிறுத்தினான். அவர்களும் வரிசையாக வீழ்ந்தார்கள்.

"என்னப்பா இப்படி ஆடுற?"

"தோத்தாதான் லாபம் மாமா. நானும் தோத்துக்கிறேன்."

என் மகனுக்கும் அது புரிந்துவிட்டது. கிடைத்த முதல் வெற்றி அவன் கையிலேயே வாடிப் போனது. தோற்றபோதுகூட அவன் முகம் அப்படி வாடவில்லை. பட்டறிவை மட்டும் கொடுத்து, படையளவைக் கொடுக்காமல் விட்ட நெக்ரோமுண்டாக்காரர்களின் நுட்பம் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. இழப்பை ஈடு செய்வது வேறு, இழப்புக்கு விலை கொடுத்து வாங்குவது வேறு.

மறுநாள் மூவரும் உட்கார்ந்து விதிகளைத் திருத்தினோம். இம்முறை எழுதுகோலை அவர்கள் கையில் கொடுத்தேன். ஒரு போரில் எவரும் 800 புள்ளிக்கு மேல் களமிறக்கக் கூடாது. எஞ்சியவை பின்னணியில் காத்திருக்கும். இதனால் லான்செஸ்டரின் வர்க்கம் மேசைக்கு வெளியே நின்றுவிட்டது. வென்றவனுக்குப் படை சேராது. அடுத்த போர் எந்தக் கோளில், யார் முதலில் நகர்வது என்று முடிவு செய்யும் உரிமை சேரும். அக்காள் மகன் இதற்குத் தயங்கினான். பிறகு, "அப்ப நான் பனிக்கோளைத்தான் எடுப்பேன்" என்று சிரித்தான். அங்கே அவனுடைய படைக்கு வசதி. தோற்றவன் தப்பிப் பிழைத்த வீரர்களில் ஒருவனுக்குப் பெயர் வைத்து ஒரு திறன் தரலாம். தாய்க்கோளை யாரும் பிடிக்க முடியாது. ஆறாவது போருடன் ஆட்டம் முடியும். இந்தக் கடைசி விதியை என் மகன்தான் கேட்டான். எப்போது முடியும் என்று தெரிந்தால் தோற்றாலும் ஆட முடியும் என்றான். பத்து வயதில் அவனுக்கு அது எப்படித் தோன்றியதோ, எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டீவன்சனிடமிருந்து நான் ஒன்றை மட்டும் சேர்த்தேன். ஒவ்வொரு போருக்குப் பின்னும் தோற்ற தரப்பு ஒரு பக்கச் செய்தித்தாள் எழுத வேண்டும். வென்றவன் வாய் திறக்கக் கூடாது.

ஆறு போர்களில் என் மகன் நான்கில் தோற்றான். நான்கு செய்தித்தாள்கள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டன. பனிக்கோளில் நடந்தது தோல்வி அன்று, திட்டமிட்ட பின்வாங்கல் என்று முதல் இதழ் வாதிட்டது. மூன்றாம் இதழில், பாலத்தைத் தனியாகக் காத்த வீரன் ஒருவனுக்கு அரசு சிலை வைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. லகர, ளகர, ழகரப் பிழைகள் நிறையவே இருந்தன. சிவப்பு மை எடுக்கக் கை பரபரத்தது, எடுக்கவில்லை. அக்காள் மகன் ஒவ்வோர் இதழையும் நின்று முழுவதும் படித்தான். தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் அவன் விரும்பிப் படித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விடுமுறை முடிந்து ஊருக்குப் புறப்படும்போது அவன் காலணிப் பெட்டியைத் திறந்து, பாலத்தைக் காத்த அந்த வீரனை எடுத்து என் மகனிடம் கொடுத்தான். மணிலா அட்டை இன்னும் என் அலமாரியின் மேல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வகுப்பின் பின்சுவரில் இருந்த நட்சத்திர அட்டவணையை நான் கழற்றிவிட்டேன். அதற்குப் பதிலாக எதைத் தொங்கவிடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முன்னிலைக் குழுவுக்குத் தேர்வு செய்யும் உரிமை, பின்னிலைக் குழுவுக்குச் செய்தித்தாள் என்று ஒரு திட்டம் குறிப்பேட்டில் பாதியில் நிற்கிறது. உங்கள் வகுப்பில் வேறு வழி கண்டவர்கள் எழுதினால் மகிழ்வேன்.